சோறு போட்ட வீட்டுக்குச் செய்தது

பிறர் வீட்டில் தங்கப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் திறக்கும் என்பதைத்தான். மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும். குழம்பில் காரம் எவ்வளவு, மின்விசிறி கடகடக்குமா, செருப்பை எங்கே விடுவது, எல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிடும். குழாய் விஷயத்தில் மட்டும் தலையில் சோப்பு நுரையோடு, கதவுக்கு வெளியே முன்பின் தெரியாத குடும்பம் நடமாடுவதைக் கேட்டபடி நிற்க நேரும். ஆறு வருடத்தில் நூறு வீடுகளிலாவது நான் அப்படி நின்றிருப்பேன்.

முகிலன், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடு என்றீர்கள். நோணாங்குப்பம் படகுத்துறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வெட்கப்படுகிறவன் பொய் எழுத மாட்டான் என்று நீங்கள் நம்பலாம்.

என் பெயர் இளம்பரிதி. ஊர் பண்ருட்டிப் பக்கம். ஜானகிராமன் நடத்தும் நாடகக் குழுவில் இருக்கிறேன். மொத்தம் ஆறு பேர், ஒரு வேன். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களில் நாடகம் போடுவோம். எங்கள் மேடையில் திரை கிடையாது, பொருள் கிடையாது. சத்தம்தான் எல்லாம், அந்தச் சத்தம் நான்தான். மழை வேண்டுமென்றால் மழை பெய்வேன். குக்கர் விசில், காக்கை, கிளம்ப மறுக்கும் ஆட்டோ, எது கேட்டாலும் வரும். மனிதக் குரல் மட்டும் கூடாது என்பது ஜானகிராமன் போட்ட தடை. ஒரு மனிதனைப் போலப் பேசிக் காட்டுவது கேலியில் போய் முடியும் என்பார். எனக்கு உள்ளபடி நன்றாக வருவது அதுதான். ஒருவர் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டால் அவர் எங்கே விழுங்குவார், எங்கே இழுப்பார் என்பது என் தொண்டைக்குத் தெரிந்துவிடும். ஆறு வருடமாக அதை அடக்கி வைத்திருந்தேன்.

ஜானகிராமனிடம் இன்னொரு சட்டமும் உண்டு. நாங்கள் லாட்ஜில் தங்குவதில்லை. போகிற ஊரில் ஆளுக்கொரு வீட்டில் எங்களைப் பங்கு போட்டு வைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டை விட்டுக் கிளம்புமுன் அங்கே ஏதாவது ஒரு வேலை செய்து முடித்திருக்க வேண்டும். "சோறு போட்ட வூட்டுக்கு ஒரு வேல செஞ்சுட்டுத்தான் வேன்ல ஏறணும்" என்பார். வேன் புறப்பட்டதும் வருகைப்பதிவு எடுப்பதுபோல வரிசையாகக் கேட்பார். நீ என்ன செய்தாய், நீ என்ன செய்தாய் என்று.

மற்றவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. மேளக்காரர் பக்கிரி ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டியெல்லாம் அடைத்துவிடுவார். பூவிழி தலையணை உறை தைப்பாள், ரேஷன் அட்டைக்கு மனு எழுதிக் கொடுப்பாள். நான் கையாலாகாதவன். என் கை தொட்ட எதுவும் நிலைத்ததில்லை. ஒரு வீட்டில் கதவுக்கு வர்ணம் அடிக்கப் போய், நான் கிளம்பிய பிறகு அவர்கள் வேறு ஆள் வைத்து அடித்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஆகஸ்டில் புதுச்சேரியில் பத்து நாள் நாடகம். எனக்குக் கிடைத்தது முல்லா வீதியில் யாகூப் பாய் வீடு. அவர் பைக்குகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். வீட்டில் அவரும் மனைவி சலீமாம்மாவும்தான். எனக்கு ஒரே பெண், மரீஹா, காரைக்காலில் கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று முதல் நாளே சொன்னார். ஒரே பிள்ளை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

என் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மறுநாள் மதியம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வாலிபன் பேசுவது கேட்டது. "அம்மா, சாப்ட்டியா? இங்க ஒரே குளிரு. மூக்கு அந்துடும் போலக்குது." வீட்டில் யாரோ விருந்தாளி என்று எட்டிப் பார்த்தேன். சலீமாம்மா தொழுகை முடித்த முக்காட்டோடு தரையில் உட்கார்ந்து, கைப்பேசியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய குரல் செய்திகள். மொத்தம் நான்கு. நான்கும் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அங்கே இருந்த பத்து நாளும் இது தவறவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒன்றுவிடாமல் என்றீர்கள். அவர்கள் மகன் ஆசிப் பாரிசுக்குப் போய், உங்கள் அறையில் தங்கி, ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தான். காகிதங்கள் சரியாகாததால் தங்கை மரீஹாவின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, லீவு இல்லை என்று சொல்லிவிட்டான். யாகூப் பாய் போனிலேயே, "இனிமே எனக்குப் புள்ள இல்ல. செத்துட்டான்னு நெனச்சிக்கிறேன்" என்றார். அவன் எண்ணை மாற்றிக்கொண்டு மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நடுவில் அந்த அம்மாதான் நசுங்கிப் போனார்.

சலீமாம்மாவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி வந்தால் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். நான் அந்த வீட்டுக்குச் செய்த வேலை ஒரு கொடிக்கயிறு. மொட்டை மாடியில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். மறுநாள் யாகூப் பாயின் வெள்ளை ஜிப்பா ஈரத்தோடு தரையில் கிடந்தது. அவர் முகம் சுளிக்காமல் எடுத்து மறுபடி அலசினார். "வுடு தம்பி. காக்கா மாரி கத்திக் காட்னியே, அதே போதும்" என்றார். வேனில் ஜானகிராமன் கேட்டபோது கொடிக்கயிறு கட்டினேன் என்றேன். அறுந்ததைச் சொல்லவில்லை. பூவிழி என்னைப் பார்த்துச் சிரித்தாள். திண்டிவனம் போய்ச் சேரும்வரை என் காது சுட்டுக்கொண்டிருந்தது.

திண்டிவனத்தில் யோசித்தேன். என் கைக்குத்தான் ஒன்றும் வராது. தொண்டைக்கு வருமே. அந்த நான்கு செய்திகளும் எனக்கு மனப்பாடம். ஆசிப் எதைச் சொல்வதற்கு முன்பும் நாக்கை மேல் அண்ணத்தில் வைத்து மெல்ல ஒரு 'ட்சு' கொட்டுவான். அலுப்புமில்லை, சலிப்புமில்லை, அது வெறும் பழக்கம். அதைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. சலீமாம்மாவின் எண் நாங்கள் தங்கிய வீடுகளின் பட்டியலில் இருந்தது. என்னிடம் இரண்டாவது சிம் ஒன்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை, மணி ஒன்றேகால். யாகூப் பாய் பள்ளிவாசலில் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

எடுத்ததும், ட்சு கொட்டி, "அம்மா" என்றேன். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"சாப்ட்டியாப்பா?"

மூன்று வருடம் பேசாத மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்கே இருக்கிறாய் என்றோ, ஏன் கூப்பிடவில்லை என்றோ கேட்கவில்லை. நான் ஆசிப் என்று அன்று நான் சொல்லவே இல்லை, முகிலன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டேன் என்றேன். உண்மையிலேயே சாப்பிட்டிருந்தேன்.

அந்த ஒரு முறையோடு விட்டுவிடுவதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு ஒரு வேலை, செய்தாயிற்று, முடிந்தது. ஆனால் வைக்கும்போது, "வர்ற வெள்ளிக்கெழமயும் கூப்டுவியா கண்ணு? அத்தா தொழுவப் போயிருப்பாரு" என்றார். அதற்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை, தெரியும்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன. நம்மூர் எண்ணாக இருக்கிறதே என்றபோது, ஊரோடு பேச வைத்திருக்கும் புது எண் என்றேன், சேமித்துக்கொண்டார். முகம் பார்க்க வேண்டும் என்றபோது, அத்தாவோடு சமாதானமாகிற வரைக்கும் முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது என்றேன். அத்தாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் பாரிசில் மழையா வெயிலா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். ஓட்டல் சமையல்கட்டைப் பற்றி வீடியோக்கள் பார்த்தேன். எடுத்த வேலையில் நான் அரைகுறை கிடையாது. அவரிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவரிடம் எதையும் எழுதி வாங்கவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் திட்டுதான். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, ஏன் இருமுகிறாய், கூட இருக்கிறவனோடு சண்டை போடாதே, உனக்காக துஆ கேட்டேன். அந்தத் திட்டுக்கு நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

என் சொந்த அம்மா ஆதிலட்சுமி பண்ருட்டியில் இருக்கிறாள். நல்ல மாதிரிதான். மாதம் ஒரு தரம் கூப்பிடுவேன். "இன்னாடா, எதனா வேணுமா?" என்பாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சலீமாம்மா சந்தோஷத்தில் திணறினார். அவர்கள் தெருக்கோடியில் கிருஷ்ணசாமி என்று ஒரு பெரியவர் இருக்கிறார், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், தெருவே அவரை சொல்தா என்றுதான் கூப்பிடும். அவர் மூன்று மாதம் பாரிசில் மகன் வீட்டுக்குப் போகிறார். யாகூப் பாய் தானாகவே அவர் வீட்டுக்கு நடந்து போய், என் பையன் அங்கே எங்கோ இருக்கிறான், கொஞ்சம் தேடிப் பாருங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாராம். "கல்லு மனுஷன் கரைஞ்சிட்டாருப்பா" என்றார் சலீமாம்மா. அழுதார்.

அன்றோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். நான் விலகிக்கொள்ள அதைவிட நல்ல வாசல் கிடைத்திருக்காது. சொல்தா தேடியிருந்தால் இரண்டே வாரத்தில் உங்கள் அறைக் கதவைத் தட்டியிருப்பார். நம் ஊர்க்காரர்கள் அங்கே எத்தனை பேர், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தானே என்று நீங்களே சொன்னீர்கள். டிசம்பரில் ஆசிப் நடமாடிக்கொண்டிருந்தான் என்றும் சொன்னீர்கள்.

நான் ட்சு கொட்டி, "வேணாம்மா" என்றேன். யாரோ ஒருவர் வந்து என்னைக் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம், நானே ரம்ஜான் பெருநாளுக்கு வந்து அத்தா காலில் விழுகிறேன், அதுவரை தேட வேண்டாமென்று சொல்தா மாமாவிடம் சொல்லிவிடு என்றேன். அவர் உடனே போய்ச் சொல்லிவிட்டார். யாகூப் பாயிடம், சொல்தாவுக்கு அங்கே நேரமிருக்காதாம் என்று ஏதோ சொல்லி மழுப்பினார். எதற்காக அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். பதில் சிறியது. உண்மையான ஆசிப் கிடைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு எனக்கு வேலையில்லை.

பிப்ரவரியில் நீங்கள் சலீமாம்மாவைக் கூப்பிட்டீர்கள், ஆசிப்புக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் அதுதான். ஆசிப்புக்கு ரத்தப் புற்றுநோய், மருத்துவமனையில் இருக்கிறான், அம்மாவோடு பேச வேண்டும் என்கிறான் என்று சொன்னீர்கள். யாருக்குப் போன் போட்டாலும் ஏமாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை என்று அறிவிப்பு ஓடுகிற காலம் இது. உன் மகன் ஆபத்தில் இருக்கிறான் என்று ஒருவன் சொன்னால் நம்பாதே என்று அதில் தெளிவாகவே சொல்கிறார்கள். சலீமாம்மா உங்களிடம் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். யாரோ முகிலனாம், மரீஹா பேர், கடைப் பேர் எல்லாம் சொல்கிறான், பணம் கேட்கவில்லை, நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாயாம் என்று.

நான் சிதம்பரத்தில் ஒரு வீட்டில் நாடகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் யோசித்தேன். பதறிப்போய் ஏதோ உளறிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நீங்கள் அவன் தங்கையின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள், கடைப் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். பணம் கேட்கவில்லை. ஏமாற்றுக்காரன் பணம் கேட்காமல் எதற்கு மெனக்கெடப் போகிறான்? நீங்கள் சொல்வது உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். பொய்யம்மா, இங்கே இப்படி ஒரு கூட்டம் திரிகிறது, நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். அந்த எண்ணை பிளாக் செய்துவிடு என்றேன். அவருக்குத் தெரியவில்லை. மேலே மூன்று புள்ளி இருக்கும் பாரம்மா, அதைத் தொடு, இப்போது கீழே போ, இல்லை இல்லை அது வேறு, அதற்கும் கீழே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. முடிந்ததும், "எம்புள்ள இல்லன்னா ஏமாந்திருப்பேன்" என்றார்.

நான்கு நாள் கழித்து நர்சின் போனிலிருந்து ஆசிப்பே கூப்பிட்டான். அங்கே ஒலிபெருக்கியில் போட்டு நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என்ன பேசப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு சலீமாம்மா அன்றைக்கே சொன்னார். தொண்டையில் குழாய் வைத்து எடுத்திருந்தார்கள், குரல் கிழிந்து போயிருந்தது, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினான். என்னிடம் இருந்ததோ மூன்று வருடத்துக்கு முந்தைய குரல், அவர் தினம் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்த குரல். இரண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். என்னுடையதுதான் அவர் மகனுடையதாக இருந்தது. "எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? அவன் பேர வெச்சி வவுறு வளக்கிறியே, நீ நாசமாத்தான் போவ" என்று அவனிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

அவனுக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். எனக்கு அதைச் சொல்லும்போது சற்றே பெருமைப்பட்டார். நன்றாகக் கேட்டாய் அம்மா என்று நானும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அதே நர்சின் போனிலிருந்து அவன் ஒரு குரல் செய்தி அனுப்பினான். நாற்பத்தொரு நொடி. சலீமாம்மா அதை எனக்கு அனுப்பி, இந்தத் திருட்டுப் பயலைக் கேள் என்றார். கேட்டேன். "அம்மா, நான் ஆசிப்புதான். தொண்டையில கொழா வெச்சாங்க, அதான் இப்டி இருக்குது. அத்தா மேல கோவம் இல்லன்னு சொல்லு. ஒரு வாட்டி பேசும்மா." ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் அந்த ட்சு இருந்தது. உலகத்தில் அதை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தர் கோபத்தில் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சலீமாம்மாவுக்கும் அதைக் கேட்ட பிறகு லேசாக ஒரு கலக்கம் இருந்தது. சண்டாளன் அசப்பில் உன்னைப்போலவே பேசுகிறானே என்று கேட்டார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரை வைத்து யார் குரலையும் திருடுகிறார்கள் அம்மா, குரலை வைத்து யாரையும் நம்பாதே என்று நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன், முகிலன். சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் எனக்குச் சோறு போட்ட வீட்டில் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அவர்கள் பாவம், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவன் ஒன்பது நாள் உயிரோடு இருந்தான். ஒன்பது நாளும் என் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நீங்கள் வேறொரு எண்ணிலிருந்து ஆசிப் இறந்துவிட்டான் என்று எழுதி, அவனை அடக்கிய கபரின் படத்தையும் அனுப்பினீர்கள். அவர் அதையும் எனக்கு அனுப்பினார். பாரப்பா, உன்னையே சாகடித்துவிட்டார்கள் என்றார். சிரித்தார். "பொய்யா சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. நூறு வயசு இருப்பே" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று என் பெயரில், அதாவது ஆசிப் பெயரில், பள்ளிவாசல் எதிரே இருபது பேருக்குச் சாப்பாடு கொடுத்தார். தகவல் வந்தது புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையும் ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டேன். பாரிசில் அன்று மழை.

பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். பக்ரீத்துக்கு வருகிறேன் என்றேன். தலையை நனைத்தாயிற்று, பாதியில் எழுந்து போக முடியவில்லை.

பிறகு மே மாதம் நீங்கள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு முல்லா வீதிக்கு வந்தீர்கள். முகிலன் என்ற பெயரைக் கேட்டதுமே அவர் உங்களை வாசற்படி தாண்ட விடவில்லை. இரு, என் பிள்ளையிடமே கொடுக்கிறேன் என்று உங்கள் எதிரிலேயே எனக்குப் போன் போட்டார். நான் எடுத்து, "சொல்லும்மா" என்றேன். நீங்கள் கபருக்கு மண் தள்ளிவிட்டு வந்தவர். அந்த வாசலில் நின்று அந்தக் குரலைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போய், அது என் பெயரில் வாங்கிய சிம் என்று கண்டுபிடித்தீர்கள்.

நீங்கள் கடைக்குப் போய் யாகூப் பாயிடம் காகிதங்களைக் காட்டியதும், அவர் தைத்துக்கொண்டிருந்த சீட்டின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அன்று வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் சொன்னார். சலீமாம்மா, "மூணு வருஷம் முன்னாடியே செத்துட்டான்னு சொன்ன வாயிதான இது" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இப்போது யாகூப் பாய் கடையிலேயே படுக்கிறார். மகனுக்காகத் தனியாக யாசீன் ஓதுகிறார். வீட்டில் அவன் அம்மா பக்ரீத்துக்கு வரப்போகிற மகனுக்குத் தலையணைக்குப் புது உறை போடுகிறார்.

உங்கள் கோரிக்கை எனக்குப் புரிகிறது. வருகிற வெள்ளிக்கிழமை நானே அந்த வீட்டுக்கு வர வேண்டும். நீங்களும் யாகூப் பாயும் கூட இருப்பீர்கள். நான் அவர் எதிரே உட்கார்ந்து, என் வாயைத் திறந்து, அந்தக் குரலில் பேசிக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தால்தான் அவர் நம்புவார், நம்பினால்தான் அந்தத் தாய் பெற்ற மகனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீராவது விட முடியும் என்றீர்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் இதையாவது செய்ய வேண்டாமா என்று கேட்டீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் கேட்டீர்கள், இதோ: ஆசிப் தன் தாயோடு பேசாமல் செத்ததற்கு அவன் நோய் காரணமில்லை, அவன் அத்தாவின் கோபமும் காரணமில்லை. பண்ருட்டி இளம்பரிதிதான் காரணம். தெரிந்தே செய்தேன். டிசம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் இரண்டு முறை. போலீசுக்குக் கொடுத்தாலும், ஜானகிராமனிடம் கொடுத்தாலும் நான் மறுக்கப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு அவர்கள் என் முகத்தில் துப்பினால் துடைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் யோசிக்கவில்லை. நான் நேரில் வந்து வாயைத் திறந்தால், அவர் முதலில் அறியப் போவது மகன் செத்ததை அல்ல. நாசமாய்ப் போ என்று தான் சபித்தது யாரை என்பதைத்தான். அதை அவர் தாங்குவாரா? உங்களுக்கு ஒரு தாயை அப்படிப் பார்க்க மனம் வருகிறதா? என்னால் முடியாது.

வேறு வழி இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள். இந்த வெள்ளிக்கிழமை லேசாகக் காய்ச்சல் என்று சொல்கிறேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. நான்கைந்து வெள்ளிக்கிழமை போதும். அவன் கேட்டும் அவனுக்குக் கிடைக்காத அந்தப் பேச்சை அவர் ஆற அமரப் பேசட்டும். தேற்றட்டும், துஆ ஓதட்டும். அத்தா மேல் கோபம் இல்லை என்று கடைசி வாரம் சொல்லிவிடுகிறேன், யாகூப் பாயும் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு நீங்கள் காகிதங்களோடு போங்கள். நம்புவார். அந்த வீட்டுக்கு நான் செய்ய வேண்டிய வேலை அதோடு முடியும். உறுதியாக முடியும்.

சரியாகச் செய்வேனா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். அந்த நாற்பத்தொரு நொடியை நான் அழிக்கவில்லை. தினமும் கேட்கிறேன், அவனோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிற மூன்று இடங்களும் இப்போது பிசகாமல் வருகின்றன.